சாயங்காலம் வரைக்கும்

"தலையை ஆட்டாதட்டி, வகிடு கோணுது" என்று செல்லத்தாய் மகளின் பின்னலை இழுத்து முடிந்தாள்.

ஜெயக்கொடிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அடுப்படிக் கதவு பாதி சாத்தியிருந்தது. மீதிப் பாதியில், கூடத்துக் கட்டிலில் கிடந்த அப்பாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. சபைப் பெண்கள் சுற்றிலும் உட்கார்ந்து கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் அப்பாவின் இருமல் நின்றது. அது நின்ற பிறகுதான் வீட்டில் எல்லாரும் திடுக்கிட்டு விழித்தார்கள்.

"அம்மா, வேண்டாம்மா. ஆள் விட்டுச் சொல்லுவோம். வேற நாள் கூப்பிடுவாவ."

"எந்திரி. பஸ் போயிரும்."

இராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளி தர்ம நிதி ஒன்று வைத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, எஞ்சினீயரிங் படிப்பு முடியும்வரை காலேஜ் சம்பளம், ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் அந்த நிதியிலிருந்தே கொடுத்தார்கள். இதுவரை பையன்கள்தான் வாங்கியிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் ஸ்டேஷன் சுவரில் அந்த நோட்டீசைப் படித்துவிட்டு அப்பா வீட்டுக்கு ஓடிவந்தது ஜெயக்கொடிக்கு இன்னும் கண்ணுக்குள் நின்றது. "பொட்டப்பிள்ளை எழுதக்கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்காட்டி? இல்லைல்லா? அப்ப எழுது!"

அப்பா தேவநேசன் பாலமும் பாதையும் போடுகிற சாப்பர்ஸ் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். முதல் உலகச் சண்டையின்போது பஸ்ராவில் படகுகளை வரிசையாகக் கட்டி, அவற்றின்மேல் பலகை போட்டு, பீரங்கி வண்டி போகப் பாலம் அமைத்தவர். மகள் இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பு வாங்கி, கிண்டி காலேஜில் இடமும் கிடைத்தபோது அவளைவிட அவர்தான் அதிகம் குதித்தார். படுக்கையில் விழுந்த பிறகும் அது குறையவில்லை. இன்டர்வியூவுக்குப் பெற்றவர்களில் ஒருவர் நேரில் வரவேண்டும், படிப்பை நடுவில் நிறுத்தமாட்டோம் என்று கையெழுத்துப் போடவேண்டும் என்று நிதியிலிருந்து எழுதியிருந்தார்கள். தானே போவதென்று சொல்லி, போன வாரம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு தன் பட்டாளத்து பூட்ஸுக்கு பாலிஷ் போட்டார். முனையில் வாயால் ஊதி, வேட்டி நுனியால் துடைத்து, "முகம் தெரியுதா பாரு" என்று மகளிடம் நீட்டினார். அந்த பூட்ஸ் இன்னும் வாசற்படி ஓரத்திலேயே ஜோடியாக நின்றது.

இன்டர்வியூ இன்றைக்கு இரண்டு மணிக்கு. அடக்கம் ஐந்து மணிக்கு.

கூடத்துக்கு வந்த செல்லத்தாயைப் பார்த்துப் பாட்டு தடுமாறியது. மாம்பழ நிறப் பட்டுச் சேலை. கழுத்தில் தாலி. கையில் குடை.

பெரியப்பா வேதசிரோமணி பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றிருந்தார். "பட்டாளத்துக்காரன். பூட்ஸோடயே பெட்டியில வைப்போம்னு..." என்றவர் நிறுத்தினார். "எங்க கிளம்பிட்ட?"

"அதைக் கீழ வையுங்க அத்தான். நான் வந்து மாட்டுதேன்."

"வந்தா? எங்க போயிட்டு வரப்போற? புருசன் கட்டில்ல கெடக்கான்!"

"ராஜபாளையத்துக்கு. அஞ்சு மணிக்குள்ள வந்திருவோம்."

"ஏ, இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? ஊரு என்ன சொல்லும்? பாலம் கட்டுத படிப்பு பொட்டப்பிள்ளைக்கு எதுக்குன்னு தம்பிகிட்டயே சொன்னேன். சிவகாசியில நல்ல எடம் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். அடக்கம் முடியட்டும், பேசுவோம்."

செல்லத்தாய் கட்டிலோரம் நின்ற பாதிரியார் தேவஇரக்கத்திடம் போய் நின்றாள். அவர் மெலிந்த மனிதர். கூட்டத்துக்குப் பயப்படுகிறவர். அவளையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, நான் வராமப் பெட்டியை மூடிராதிய."

அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பாட்டு நிறைய இருக்கும்மா" என்றார்.

*

இரண்டாம் உலகச் சண்டை கொண்டுவந்த பெட்ரோல் பஞ்சத்தில் பஸ்கள் எல்லாம் கரி வாயுவில் ஓடின. பின்பக்கம் ஆளுயர அடுப்பைக் கட்டிக்கொண்டு, புகை கக்கியபடி, மாட்டு வண்டியை முந்துவதற்கே மூச்சு வாங்கின. பாதி வழியில் கண்மாய்க்கரை மேட்டில் பஸ் ஒரு முறை விம்மிவிட்டு நின்றது.

"எல்லாரும் எறங்குங்க சாமி!" என்று டிரைவர் தங்கச்சாமி குதித்தார். "டிக்கெட்டு எடுத்தவுகளும் தள்ளலாம், எடுக்காதவுகளும் தள்ளலாம்!"

ஜெயக்கொடி பின்பக்கம் ஓடினாள். தங்கச்சாமி அடுப்பு மூடியைத் திறந்து கம்பியால் குத்தினார். அடியில் சாம்பல் கெட்டியாக இறுகிக் கிடந்தது.

"காத்துப் போற வழி அடைச்சிருக்குண்ணே. அந்த மூலையில குத்துங்க."

"ஏ தாயி, நீயே வந்து ஓட்டேன்!" என்று சிரித்தாலும் அந்த மூலையிலேயே குத்தினார். சாம்பல் பொலபொலவென்று உதிர்ந்தது.

மேற்கே மலையிலிருந்து சாரல் காற்று வந்தது. ஆண்கள் தோள் கொடுத்தார்கள். ஜெயக்கொடியும் கை கொடுத்தாள். திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் அம்மா! பட்டுச் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ்ஸின் முதுகில் இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பஸ் சட்டென்று உறுமிப் பாய்ந்தது. தள்ளியவர்கள் எல்லாம் நடுரோட்டில் நின்றார்கள். தலைப்பாகை அவிழ்ந்த ஒரு பெரியவர், "ஏலே, எங்களை விட்டுட்டு யாரைடா ஏத்திட்டுப் போற!" என்று கத்திக்கொண்டே ஓடினார். செல்லத்தாய் சிரித்துவிட்டாள். வாய்விட்டு, மூச்சிரைக்க, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கையை வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தக் கையை எடுக்கவில்லை.

*

நிதியை வைத்திருந்த மில் முதலாளி ஜகந்நாத ராஜா வீட்டிலேயே இன்டர்வியூ நடந்தது. காலையில் வந்த பையன்கள் முடித்துப் போய்விட்டிருந்தார்கள். ஜெயக்கொடிதான் கடைசி. உயரமான கூடம். ஒரு பக்கம் ராஜா, பக்கத்தில் மில் எஞ்சினீயர். செல்லத்தாய் நாற்காலியைத் தொடாமல் தூண் ஓரம் நின்றுகொண்டாள்.

"உக்காருங்கம்மா" என்றார் ராஜா.

"இருக்கட்டும் ஐயா. நிக்கிறேன்."

எஞ்சினீயர் மெட்ராஸ்காரர். கணக்கில் இரண்டு கேள்வி கேட்டார். அவள் சொன்னாள். பௌதிகத்தில் ஒன்று கேட்டார். அதையும் சொன்னாள். அவர் பேனாவை மூடினார்.

"படிப்பெல்லாம் சரி. எஞ்சினீயர்னா வெயில்ல நிக்கணும், கையில அழுக்குப் படணும். உன்னால முடியுமா?"

ஜெயக்கொடி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். கரி அப்பியிருந்தது.

"என்ன இது?"

"வர்ற வழியில பஸ் நின்னுடுச்சு சார். தள்ளினோம்."

"ஏன் நின்னது?"

"அடுப்புல சாம்பல் இறுகிக் காத்து போகலை சார். காத்து இல்லைன்னா கரி சரியா எரியாது, வாயு வராது. தினம் தட்டி எடுத்தா நிக்காது. அவசரத்துல விட்டிருப்பாங்க."

எஞ்சினீயர் சிரித்தபடி ராஜாவின் பக்கம் திரும்பினார். "நம்ம மில் லாரியும் தினம் இதுக்குத்தான் நிக்குது." ராஜாவின் மீசையும் அசைந்தது. கிடைத்துவிடும் என்று ஜெயக்கொடிக்குத் தோன்றியது. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் என்று ஒரு நொடி நினைத்தேவிட்டாள்.

அப்போது ராஜாவின் மனைவி வெள்ளி டம்ளர்களில் மோர் கொண்டுவந்தார். ஜெயக்கொடிக்கு ஒன்று நீட்டினார். மகளின் கை நீளுமுன்னே செல்லத்தாயின் குரல் வந்தது.

"வாங்காதட்டி."

"ஏன், மோர்தானே? வெயில்ல வந்திருக்கீங்க. நீங்களும் குடிங்கம்மா" என்று அந்த அம்மாள் தூண் பக்கம் வந்தார்.

செல்லத்தாய் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். "வேண்டாம்மா. உங்க ஏனத்தை நாங்க தொடக்கூடாது."

"நாங்க அப்படியெல்லாம் பார்க்கிறதில்லைம்மா. கிறிஸ்து வேதக்காரங்கன்னா என்ன?"

"அதுக்கில்ல." செல்லத்தாய் தரையைப் பார்த்தாள். "எங்க வேதத்துல தீட்டு கெடையாது. உங்க வீட்டுல பாப்பிய. தெரிஞ்சுக்கிட்டே உங்க ஏனத்துல வாய் வைக்க எனக்கு மனசு வரலை. அதான் நாற்காலியிலயும் உக்காரலை. இவ அப்பா வெள்ளென தவறிட்டாவ. சாயந்தரம் அடக்கம்."

எஞ்சினீயர் எழுந்து நின்றுவிட்டார். ராஜாவின் முகம் இறுகியது. எல்லாம் போச்சு என்று ஜெயக்கொடி நினைத்தாள். அம்மா மோரைக் குடித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"ஒரு ஆள் விட்டிருக்கக்கூடாதா அம்மா?" ராஜாவின் குரல் கனத்திருந்தது. "காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு வாங்கன்னு நானே சொல்லியிருப்பேனே."

"சொல்லியிருப்பிய ஐயா. ஆனா ஒரு மாசம் கழிச்சு யாரு இவளைக் கூட்டிட்டு வருவா?" செல்லத்தாய் நிமிர்ந்தாள். "அடக்கம் முடிஞ்சதும் கழுத்துல கெடக்கதைக் கழத்திருவாவ. பொறவு மூலையில உக்காந்திருக்கவ பேச்சை யாரு கேப்பா? இவளுக்கு எடம் பாத்து வச்சிருக்காவ. சாயங்காலம் வரைக்கும் நான் அவிய பெஞ்சாதி. அவிய சொன்னதை நான் சொல்லலாம். அதான் இன்னைக்கே வந்தேன்."

ராஜா சட்டென்று எழுந்து உள்ளே போனார். எஞ்சினீயர் மேஜைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாவின் மனைவி மட்டும் நகரவில்லை. டம்ளரைச் செல்லத்தாயின் கையில் வைத்து, அவள் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டார்.

"தாகம்மா" என்றார் தன் வீட்டுத் தெலுங்கில். "குடி. நான் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டாப் போச்சு."

செல்லத்தாய் குடித்தாள். காலையிலிருந்து அவள் தொண்டையில் இறங்கிய முதல் மடக்கு அது. மடமடவென்று குடித்தாள். பாதி மோர் சேலையில் சிந்தியது.

உள்ளேயிருந்து ராஜாவின் குரல் கேட்டது. டிரைவரைக் கூப்பிட்டு, மாசக் கடைசிக்கென்று வைத்திருந்த பெட்ரோலைக் காரில் ஊற்றச் சொன்னார். திரும்பி வந்தவர் எஞ்சினீயரின் முகத்தை ஒருமுறை பார்த்தார். எஞ்சினீயர் தலையசைத்தார். ராஜா மேஜையிலிருந்த பத்திரத்தைத் திருப்பிச் செல்லத்தாயின் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்துப் போடுங்க அம்மா. கல்யாணம், காட்சின்னு யார் வந்தாலும் படிப்பு நிக்கக்கூடாது. வந்து கேட்டா, ராஜாகிட்ட எழுதிக் கொடுத்துட்டேன், அவரைப் போய்க் கேளுன்னு சொல்லுங்க."

செல்லத்தாய் கரிக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். செல்லத்தாய் தேவநேசன்.

*

ராஜாவின் கார் புழுதி பறக்க ஸ்ரீவில்லிபுத்தூரை நோக்கி ஓடியது. ஜெயக்கொடிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கண்மாய்க்கரையில் அதே பஸ் மறுபடி நின்றிருந்தது. தங்கச்சாமி ரோட்டோரம் குந்தியிருந்து அடுப்பைக் குத்திக்கொண்டிருந்தார். காரில் போகிறவளைப் பார்த்துவிட்டு, கம்பியைத் தூக்கிக் காட்டினார். அவள் கையை வெளியே நீட்டி ஆட்டினாள். அம்மா பார்க்கவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனையிலேயே பாட்டுச் சத்தம் கேட்டது. பாட்டு என்று சொல்ல முடியாது. குரல்கள் எல்லாம் கம்மிப்போயிருந்தன. பாதிரியார் தேவஇரக்கம் வாசலுக்கு ஓடிவந்தார். பாடிப் பாடி அவருக்குக் குரலே இல்லை.

"புஸ்தகத்துல இனி கல்யாணப் பாட்டுதாம்மா பாக்கி" என்றார்.

பெரியப்பா வாசற்படியில் வழி மறித்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன. திட்டுவதற்காகவே காத்திருந்தவர்போல வாயைத் திறந்தார். காரைப் பார்த்தார். ஜெயக்கொடியின் முகத்தைப் பார்த்தார்.

"என்னட்டி, கெடச்சிருச்சா?"

கேட்ட பிறகுதான், தான் கேட்டதை உணர்ந்தவர்போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெயக்கொடி தலையசைத்தாள். அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வழிவிட்டார்.

செல்லத்தாய் பூட்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பாவைக் கட்டிலிலிருந்து மாற்றி வைத்திருந்த பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். பாட்டு நின்றது. ஜெயக்கொடி அப்பாவின் குதிகாலைத் தாங்கிப் பிடித்தாள். கால் மிகவும் மெலிந்திருந்தது. எந்தச் சிரமமும் இல்லாமல் பூட்ஸ் ஏறியது. செல்லத்தாய் கயிற்றை ஒவ்வொரு துளையாக இழுத்து, அவர் போடுவதைப்போல இரண்டு முடிச்சுப் போட்டாள். அடுத்த காலுக்கும் போட்டாள்.

முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, குனிந்து, பூட்ஸ் முனையில் வாயால் ஊதினாள். மோர் சிந்திய முந்தானை நுனியால் துடைத்தாள். மறுபடி ஊதித் துடைத்தாள்.

"பாரு" என்றாள் மகளிடம்.

ஜெயக்கொடி குனிந்து பார்த்தாள். கறுப்பில் முதலில் ஜன்னல் தெரிந்தது. குனியக் குனிய அவள் முகமும் தெரிந்தது.