யாருக்குப் பார்ட்னர்?

வாரப் பத்திரிகையில் மகளின் படம் வந்த நாளிலிருந்து ஞானசேகரனுக்குச் சோறு இறங்கவில்லை.

மும்பையில் பெரிய முதலீட்டு நிறுவனம் ஒன்றில் இளவரசி பார்ட்னர் ஆகியிருக்கிறாளாம். என்ன வேலை செய்து அந்த இடத்துக்கு வந்தாள் என்று அதில் ஒரு வரி கிடையாது. 'சிரித்தே கோடிகளை மடக்கும் கடலூர்ப் பெண்' என்று தலைப்பு. உதட்டுச் சாயத்துக்கு ஒரு பத்தி. 'முதலாளியின் மனம் கவர்ந்தவர்' என்று எழுதியவன் முடித்திருந்தான். கடலூரில் வீடு இருக்கும் செம்மண்டலத்தில் அவர் பால் வாங்கப் போனால், ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு வணக்கம் வைத்தார்கள். அந்த வணக்கமே அவருக்குச் சரியாகப் படவில்லை.

இந்த நேரம் பார்த்துச் சிதம்பரத்திலிருந்து வரன் வந்தது. கோயிலிலேயே பெண் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்காக மும்பையிலிருந்து வந்திருந்த இளவரசியின் போன், காரில் போகும்போது ஓயவில்லை.

"அவரு கையெழுத்து போடாம நான் விடமாட்டேன், மணவாளன். நாளைக்கி ராத்திரி ஹோட்டலுக்கு நானே நேர்ல போறேன்."

ஞானசேகரனின் காதில் 'ஹோட்டல்' மட்டும் தங்கியது.

"யாரும்மா மணவாளன்?"

"எனக்குக் கீழ வேலை பாக்குறவருப்பா."

"கீழயா?"

"ஆமாம்பா. ஏன்?"

அவர் வெளியே பார்த்தார். ஆம்பிளை ஒருத்தன் இவளுக்குக் கீழே என்றால், இவளை மேலே தூக்கி வைத்தது யார்? புதுச்சத்திரம் தாண்டியும் அது உறுத்திக்கொண்டே வந்தது. கேட்டுவிட வாய் வரவில்லை.

கோயிலுக்குள் சிவகங்கைக் குளக்கரையில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். பூ, பழம் எல்லாம் முறையாக வைத்தார்கள். பிறகு மாப்பிள்ளையின் தாய்மாமன் தட்சிணாமூர்த்தி பையிலிருந்து அதே பத்திரிகையை உருவினார்.

"பொண்ணு பார்ட்னர்னு போட்டிருக்கான். யாருக்குங்க பார்ட்னர்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை கார்த்திகேசனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

வழியெல்லாம் தான் மென்று விழுங்கிய கேள்விதான் அது. அடுத்தவன் வாயில் கேட்டபோது ஞானசேகரனுக்கு உடம்பு கூசியது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பண்ருட்டி முந்திரி மண்டியில நானும் முப்பது வருஷமா பார்ட்னர்தான். யாருக்குன்னு ஒருத்தனும் கேட்டதில்ல. கேட்டிருந்தா அவன் வாயில பல்லு இருந்திருக்காது."

"தமாஷுக்குச் சொன்னேங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"உங்க தமாஷுக்கு எம் பொண்ணு ஆளில்ல. எழுந்திரும்மா."

தட்டுகள் அப்படியே கிடந்தன. கார் ஊரைத் தாண்டியது.

"நீங்களும் அதையேதானப்பா நெனச்சீங்க?" என்றாள் இளவரசி.

போன் அடித்தது. அவள் எடுக்காமல் அவரையே பார்த்தாள்.

"எடு."

"மணவாளன்தாம்பா."

"தெரியுது. எடுத்துச் சத்தமாவே பேசு."