காகத்துக்கு வைத்த சோறு

1988ஆம் ஆண்டுப் புரட்டாசி முதற் சனிக்கிழமை, நண்பகல் பன்னிரண்டு பத்துக்கு, நாடுவிட்டு வந்து குடியேறிய எங்கள் ஹரோ வீட்டின் சமையலறை யன்னலடியில் நின்று, என் தங்கை தவநாயகி காகத்துக்கென வைத்த சோற்றை ஒரு நரி தின்பதைக் கண்டேன். தின்பதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் நெய்விட்ட சோறு, அடுத்து வாழைக்காய்ப் பொரியல், பிறகு பருப்பு. கத்தரிக்காயை மட்டும் சற்று யோசித்துவிட்டுத் தின்றது. தட்டை நக்கித் துடைத்தபின், பலகை வேலிக்கு அடியிலிருந்த பள்ளத்தினூடாக ரயில்பாதைச் சரிவுக்குள் இறங்கிப் போயிற்று.

விளக்கடியிலிருந்து எழுந்து வந்த தவநாயகி, பழைய நிலக்கரித் தொட்டியின்மேல் இருந்த வெறுந்தட்டைப் பார்த்தாள்.

“காகம் எடுத்திட்டுது, அக்கா. இனி நான் சாப்பிடலாம்.”

சனி விரதம் பிடிப்பவர்கள், சனீஸ்வரனின் வாகனமாகிய காகம் உண்ட பின்னரே தாம் உண்பார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பிழை திருத்தியவள் நான். அதையும் திருத்தத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் முகத்தில், பதினான்கு மாதங்களில் முதன்முறையாக, பசி தெரிந்தது. அவளுடைய ஒரே மகன் வாகீசனை ஊரில் இராணுவச் சோதனைச் சாவடியொன்றில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. நான் அவளுக்குச் சோறு போட்டேன்.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. சிறைமுகாமிலிருந்து விடுபட்ட ஒரு பையனின் தாய் எழுதியிருந்தாள்: வாகீசனைத் தன் மகன் உயிருடன் கண்டானாம். தவநாயகி அக்கடிதத்தைச் சுவாமிப் படத்தின்கீழ் வைத்தாள். அடுத்த சனிக்கிழமை தட்டில் ஒரு வடையும் கூடியது.

அந்நாட்களின் வீட்டை நினைத்தால் எள்ளெண்ணெய் விளக்கின் மணந்தான் முதலில் வருகிறது. ஈரக் கம்பளிக் கோட்டுகளிலும் அது ஏறியிருக்கும். ரயில் போகும்போதெல்லாம் அலுமாரியில் கண்ணாடிக் குவளைகள் மெல்ல நடுங்கும். இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே இருந்து, அதிகம் பேசாமல் தேநீர் குடிப்போம். அது மகிழ்ச்சியான காலமென்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் கடிந்திருப்பேன்.

நரியோ வெட்கத்தை விட்டது. வடை வந்த நாளிலிருந்து நாள்தோறும் பட்டப்பகலில் வந்து தொட்டியை மோந்து பார்த்தது. மூன்றாவது சனிக்கிழமை கழிந்த மறுநாள், அடுத்த வீட்டு கஸ்பர் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். மன்னார்க்காரர். அவருக்கும் மனைவி பியற்றிஸுக்கும் பத்து மாதத்தில் ஒரு பெண்குழந்தை.

“ரீச்சர், நரியார் உங்களிட்டையும் வாறவரோ?”

“கண்டனான்.”

“கவுன்சிலுக்கு ரெலிபோன் அடிச்சுக் கேட்டன். சாப்பாடு வைக்காட்டி தானாப் போயிடுமாம். ஆரோ வைக்கினம் போல. உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியாது.”

“அப்ப பொறி வைக்கிற ஆளைத்தான் கூப்பிடவேணும். நாளைக்கில்லை, அடுத்த திங்கள்தான் வாறனெண்டவன். பிள்ளை தவழுறாள், ரீச்சர். பாவம் பாக்க ஏலாது.”

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாங்கள் உணவூட்டிப் பழக்கிய விலங்கு எங்கள் பிழைக்காகச் சாகப் போகிறது. உண்மையைச் சொன்னால், காகம் எடுத்ததால் வந்ததென்று அவள் நம்பிய அந்தக் கடிதம் சுவாமிப் படத்தின்கீழ் வெறுங்காகிதமாகிவிடும். வாரம் முழுவதும் சொல்லாமலே இருந்தேன்.

நான்காவது சனிக்கிழமை நல்ல வெயில். தட்டு வைக்க இன்னும் நேரமிருந்தது. பியற்றிஸ் குழந்தையைப் புல்லில் பாய்மேல் இருத்தி, கையில் ஒரு றஸ்க் ரொட்டியைக் கொடுத்துவிட்டு, ஏதோ எடுக்க உள்ளே போனாள். நரி தொட்டியை மோந்தது, ஒன்றுமில்லை. வேலியைத் தாண்டிக் கஸ்பரின் பக்கம் குதித்தது. குழந்தை றஸ்கை அதனிடம் நீட்டிச் சிரித்தது.

நான் குழம்புச் சட்டியின் மூடியையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு வேலிக்கு ஓடினேன். மூடியில் ஓங்கி அடித்தேன். நாற்பது பிள்ளைகளை ஒரே சொல்லில் இருத்திய குரல் எனக்குள் இன்னும் இருந்தது.

“போ வெளியே.”

நரி என்னைத் திரும்பிப் பார்த்தது. இவ்வளவு நாளும் சோறு போட்ட வீட்டுக்காரிக்கு என்ன நேர்ந்ததென்று கேட்பதுபோல் நின்றது. நான் அசையாமல் நின்று மறுபடி அடித்தேன். அது மெதுவாகத் திரும்பிச் சரிவுக்குள் இறங்கியது. பியற்றிஸ் ஓடிவந்து குழந்தையை அள்ளினாள்.

என் பின்னால் தவநாயகி நின்றாள். கையில் தட்டு.

“அது ஏன் எங்கட தொட்டியை மணந்து பாத்தது?” என்றாள்.

சோற்றை நரி தின்பதைச் சொன்னேன். அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை.

“எத்தினை சனி கண்டனீங்கள்?”

“போன ரெண்டு சனியும்.”

“முதல் சனி?”

ரயிலொன்று போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தேன்.

“முதல் சனி நான் யன்னலடியில நிக்கேல்லை.”

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு கராஜ் கூரையைப் பார்த்தாள்.

“அப்ப அண்டைக்குக் காகம்தான்,” என்றாள். “இனி உயரத்தில வைப்பம்.”

கஸ்பரிடம் போய், “சாப்பாடு வைச்சது நாங்கள்தான். பொறிக்காரனை வேண்டாமெண்டு சொல்லுங்கோ,” என்றேன். அவர் கோபிக்கவில்லை. ஏணியைக் கொண்டுவந்து கராஜ் சுவரில் சாத்திப் பிடித்துக்கொண்டு, “தெரியாதெண்டு ரீச்சரே சொன்னா நாங்கள் எங்க போறது?” என்றார். குனிந்த தலையுடன் ஏறி, தட்டைக் கூரையின்மேல் நான்தான் வைத்தேன். மாலை மூன்றரை மணிக்கு ஒரு காகம் வந்தது. அதுவரை தவநாயகி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அவள் ரொறன்ரோவில் உள்ள மைத்துனர் வீட்டுக்குப் போய் ஆறு ஆண்டுகளாகின்றன. வாகீசனைப் பற்றி இரண்டாவது கடிதமொன்று வரவேயில்லை. புரட்டாசிச் சனிகளில் தொலைபேசியில் அவள் கேட்பது ஒன்றுதான்: “காகம் வந்ததோ, அக்கா?”

இன்றும் வைத்தேன். ஏணியில் இப்போது நாலாம் படியில் நின்று மூச்சு வாங்கவேண்டியிருக்கிறது. சரிவின் விளிம்பில், அந்த நரியின் பேரனோ பூட்டனோ, முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தபடி இருக்கிறது. சட்டி மூடி என் மடியில் இருக்கிறது. வானத்தில் இன்னும் ஒன்றையும் காணவில்லை. உள்ளே தொலைபேசி அடிக்கத் தொடங்குகிறது.