சாரைக்கு ஒரு தலையணை உறை

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்டாட்டி. மூத்தவள் நான், நாகலெட்சுமி. இளையவளுக்குக் கையும் கிடையாது, காலும் கிடையாது. ஆறடி நீளம் இருப்பாள். முதுகுளத்தூர் மிளகாய்க் குடோனில் அவர் காவல்காரர், அவள் அங்கே எலி பிடிக்கிற சாரைப்பாம்பு. சடைச்சி என்று பேர்கூட வைத்திருந்தார். எனக்கு அவர் செல்லப்பேர் எதுவும் வைத்ததில்லை.

அக்கம்பக்கத்துப் பெண்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கொஞ்ச நாள் சிரித்தேன். எங்கள் மகள் ராக்கு நாலு வயதில் காய்ச்சல் கண்டு போன பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டேன்.

அவள் போன பிறகு கூத்தையா, அதுதான் என் வீட்டுக்காரர், என்னிடம் பேசியதெல்லாம் சோறு, தண்ணீர், விறகு அவ்வளவுதான். பிள்ளை பேரை வீட்டில் எடுக்கவே மாட்டார். நான் எடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒருநாள் சாயங்காலம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனேன். குடோனுக்குள் அவர் பேசுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, எதிரே சுருண்டு கிடந்த பாம்பிடம் ராக்குவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். என்ன சொன்னார் என்று முழுதாகக் கேட்கவில்லை. பேர் மட்டும் தெளிவாகக் கேட்டது.

எனக்கு வந்ததே கோபம். பத்து மாதம் சுமந்தவள் கல்லுமாதிரி வாசலில் நிற்கிறேன். மனுஷன் போயும் போயும் காது இல்லாத ஜென்மத்திடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் அன்றைக்கு அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிள்ளை போனதிலிருந்து அப்படிச் சாப்பிட்டதில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் குடோன் கைமாறியது. வாங்கியவருக்கு அங்கே அரிசி ஆலை வைக்க வேண்டும். சுற்றிப் பார்க்க வந்தவர், பாம்பைக் கண்டதும் முதல் வேலையாக அதை அடிக்க ஆள் தேடச் சொன்னார். அதற்குள் என் அண்ணன் முனியசாமி, பாம்பனில் ஒரு தேங்காய்க் கிட்டங்கியில், அதுவும் குடோன்தான், இவருக்குக் காவல் வேலை பிடித்து வைத்திருந்தான்.

"சடைச்சியையும் கொண்டுட்டுப் போவமா?" என்று என்னிடம் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் என்னைக் கேட்காத மனுஷர்.

எனக்குப் பாம்பென்றால் குலை நடுங்கும். ஆனாலும் அது செத்துப்போனால் ராக்கு பேரைச் சொல்ல இவருக்கு ஒரு நாதி இருக்காது என்று எனக்குத் தெரியும். பிறகு மிச்ச ஆயுசுக்கும் சோறு, தண்ணீர், விறகுதான். சரி என்றேன்.

பாத்திரம் பண்டம் கட்டியதெல்லாம் நான். அவர் ஏற்பாடெல்லாம் சடைச்சிக்கு. பயணத்தில் வயிறு நிறைந்திருந்தால் கக்கிவிடும் என்று ஒரு வாரமாக அதற்கு இரை இல்லாமல் பார்த்துக்கொண்டார். மூடி போட்ட பனையோலைப் பெட்டி ஒன்று முடையச் சொல்லி வாங்கினார், காற்றுப் போக ஓலைக்கு ஓலை இடைவெளி விட்டு. உள்ளே வைக்க ஒரு சாக்கு. அதைக் கண்மாய்க்குக் கொண்டுபோய்த் துவைத்துத் துவைத்து, கல்லில் அடித்து, இரண்டு நாள் காயப்போட்டார். என் சேலைக்கு அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை. புறப்படும்போது பாம்பைச் சாக்குக்குள் விட்டு, சாக்கின் வாயைக் கட்டி, பெட்டியில் வைத்து மூடினார்.

முதுகுளத்தூரிலிருந்து பரமக்குடிக்குப் பஸ். கண்டக்டர் பெட்டியை மேலே ஏற்றச் சொன்னார். வெயிலில் வெந்துவிடும் என்று இவர் மடியை விட்டு இறக்கவில்லை. உள்ளே என்ன என்று கேட்டதற்குப் பழைய துணி என்றார். பரமக்குடியில் ரயில் ஏறினோம். சித்திரை மாதம், ரயில் பெட்டி கொதித்தது. ஸ்டேஷன் வரும்போதெல்லாம் இறங்கி ஓடிக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து, ஓலைப்பெட்டி மூடியைக் கொஞ்சம் தூக்கிச் சாக்கின் மேல் தெளித்தார். கையாலேயே சாக்கைத் தடவித் தடவி நனைத்தார். உள்ளே அது பலமாகப் புரண்டது.

"ரயிலு ஆட்டம் புதுசுல்ல, அதான்," என்றார்.

ராமநாதபுரத்தில் ஒரு கீழக்கரை அம்மாள் ஏறி எங்கள் எதிரே உட்கார்ந்தாள். வெள்ளைத் துப்பட்டி, ஒரு தகரப்பெட்டி, கையில் கூஜா. பேர் காலிதா என்றும், பாம்பனில் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போவதாகவும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் தும்ம ஆரம்பித்தாள். நிற்கவில்லை.

"தங்கச்சி, பெட்டியில மிளகாயா வச்சிருக்கீங்க?"

"இல்லக்கா, பழைய துணி."

"அப்ப மிளகாயில கெடந்த துணிதான். எனக்குக் கண்ணெல்லாம் காந்துதும்மா."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் ஈரக் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாக நாக்கு நுனியில் வைத்தார். முகம் செத்துப்போயிற்று.

எங்கள் ஊரில் மிளகாய் படாத சாக்கு ஏது? வருஷக்கணக்காக மிளகாய் ஏறிய சணலைக் கண்மாய்த் தண்ணீர் என்ன செய்யும்? வேறு யாராக இருந்தாலும் மோந்ததுமே தூக்கிப் போட்டிருப்பார்கள். மிளகாய்க் குடோன் காற்றிலேயே காலம் தள்ளிய எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நெடி எப்போதோ மூக்கில் உறைக்காமல் போயிருந்தது. காய்ந்து கிடந்த காரத்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து எழுப்பிவிட்டிருக்கிறார், குளிர்ச்சி என்று நினைத்து.

யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் சாக்கைப் பிரித்தார். சடைச்சியின் தலை வெளியே வந்தது. வாய் திறந்தபடி இருந்தது, ஓரமெல்லாம் நுரை. சீறவில்லை. சீறியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். ரயில் பெட்டியில் இருந்தவர்கள் அலறிக்கொண்டு அந்தக் கடைசிக்கு ஓடினார்கள். வெளியே எறி என்று ஒருவர் கத்தினார். எங்களுக்கு இடம் மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

காலிதா கால் இரண்டையும் பெஞ்சு மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் ஓடவில்லை.

"விஷமுள்ளதா?"

"இல்லக்கா. சாரை."

"கடிக்குமா?"

"கடிக்கும்."

"அப்ப நீங்க பிடிங்க. தண்ணி நான் ஊத்துறேன்," என்று அவரிடம் சொல்லிக் கூஜாவைத் திறந்தாள்.

அவர் பிடித்தார். பிடித்த இடமெல்லாம் பாம்பு துடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் இரண்டு கையும் மிளகாய்த் தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது.

"கைய எடுங்க," என்றேன். "இனிமே அதத் தொடாதீங்க."

"நீ பயப்படுவ புள்ள."

"பயந்துக்கிட்டே பிடிக்கிறேன். எடுங்க."

வழவழவென்று இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கனமாக, உலர்ந்து, உள்ளே ஏதோ ஓடிக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது. காலிதா பிஸ்மி சொல்லித் தண்ணீரை ஊற்றினாள். தலை, வாய், கழுத்து, உடம்பு என்று கழுவினேன். அவள் கூஜா தீர்ந்ததும் எங்கள் செம்புத் தண்ணீர். முந்தானையால் ஒற்றி எடுத்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டி எத்தனை நாளாயிற்று என்று அந்த நேரத்தில் ஏன் தோன்ற வேண்டும்? தோன்றியது.

கழுவியாயிற்று, எதில் வைப்பது? சாக்கில் வைக்க முடியாது. காலிதா தகரப்பெட்டியைத் திறந்து புதுத் தலையணை உறை ஒன்றை எடுத்தாள். வெள்ளைத் துணி, மூலையில் இரண்டு கிளி தைத்திருந்தது.

"ஐயோ, கல்யாணச் சாமானுக்கா," என்றேன்.

"ஒண்ணு குறைஞ்சா நிக்காஹ் நின்னுபோகாது. ஆனா பாம்பு படுத்ததுன்னு பாம்பன்ல யாருட்டயும் சொல்லிப்புடாத."

உறைக்குள் விட்டு, வாயைச் சுருட்டிக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டேன். மண்டபம் தாண்டியது. பாலத்தில் ரயில் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் கடல், ஜன்னலெல்லாம் காற்று. முதலில் மடியில் அசைவே இல்லை. அவர் மூச்சுப் பிடித்து உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பாலம் போயிருக்கும், துணிக்குள் அது மெதுவாகச் சுருண்டு, என் தொடைச் சூட்டோடு ஒட்டிப் படுத்தது. விலா ஏறி இறங்குவது தெரிந்தது.

"மூச்சு விடுது," என்றேன்.

அவர் கையை நீட்டி, நினைவு வந்து, பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு குனிந்து உறையைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். அது என் மடியில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"அன்னிக்கு ஆளனுப்பிக் கூப்பிட்டாங்க. மூட்டை எறங்கட்டும்னு நின்னுட்டேன். ஒடனே வந்திருந்தா எம்புள்ள பொழச்சிருக்கும்."

இத்தனை வருஷமாகப் பாம்பிடம் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தானா? என்னிடம் சொன்னாரா, அதனிடம் சொன்னாரா தெரியாது. பதில் நான் சொன்னேன்.

"பொழச்சிருக்க மாட்டா. நான் பக்கத்துலயேதான இருந்தேன். எம்மடியிலதான கெடந்தா. என்னால என்ன செய்ய முடிஞ்சது?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சக்கரச் சத்தத்தில் அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"என்னையக் கேட்டாளா?"

"கேட்டா. அய்யா எங்கன்னா. வேலைக்குப் போயிருக்காருன்னேன். சரின்னுட்டா."

அவருக்கு உடைந்துவிட்டது. முகத்தைப் பொத்திக்கொள்ள இரண்டு கையையும் தூக்கினார். அத்தனையும் மிளகாய், கண்ணில் பட்டுவிடுமே என்று சட்டென்று பிடித்துக்கொண்டேன். பாம்பன் வருகிற வரைக்கும் விடவில்லை.