நீலத் தொப்பிக்கு நாற்பது சொல்

1

இந்தக் கதை ஓர் அட்டைப் பெட்டியிலிருந்து தொடங்கியது. கண்முன் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி எழுதச் சொன்னார்கள், மாலை வகுப்பில். என் கண்முன் அந்தப் பெட்டி இருந்தது. வேறு உயர்ந்த காரணம் எதுவுமில்லை.

முதல் தொடக்கம்: "பழைய தொப்பிகளுக்கு மீண்டும் ஒரு காலம் வந்துவிட்டது, அலமாரியைத் திறந்து"

(பத்திரிகையின் குரல். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "அவள் கெட்டவள் அல்ல, சொன்னதைச் செய்தவள்"

(வக்கீலின் குரல். இதையும்.)

கதையில் வருகிறவளை "அவள்" என்றே வைத்துக்கொள்கிறேன். "நான்" என்று எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

2

அவள் ஒரு பெண்கள் மாத இதழில் கடிதம் சுருக்குகிறவள். உடை, தொப்பி, கைப்பை, காதணி பற்றி வாசகிகள் கேட்பதை நாற்பது சொல்லுக்குள் நறுக்கி, ஸ்டைல் அக்காவின் மேசையில் வைக்க வேண்டும். ஸ்டைல் அக்கா என்பது பக்கத்தின் பெயர். அதை எழுதுகிறவரையும் அலுவலகத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூலக் கடிதத்தை அவர் பார்ப்பதே இல்லை.

வேலையில் சேர்ந்த அன்று ஆசிரியர் ஒரு விதி சொன்னார்: "நோய், புருஷன், குடும்பக் கதை. மூணையும் தூக்கிடும்மா. ஸ்டைல் பக்கத்துல யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது."

அவள் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டாள்.*

போன மாதம் மேசைக்குப் போன ஒரு கேள்வி: "அம்மாவின் நீலக் கம்பளித் தொப்பி ஒன்று இருக்கிறது. பழைய பாணி. வேலைக்குத் திரும்பும் முதல் நாள் அதைப் போடலாமா? எதோடு பொருந்தும்?"

அச்சில் வந்த பதில்: "தாராளமாகப் போடுங்கள். சட்டை ஒரே நிறம், காதணி சிறியது. காதோரம் இரண்டு கற்றை முடி இறங்கி வரட்டும், அதுதான் முக்கியம். முடி தெரியாத தொப்பி, தலையில் கவிழ்த்த சட்டி."

அலுவலகமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

(கடைசி வரியை நான்கு முறை அடித்தேன். நான்கு முறை திரும்ப எழுதினேன்.)

* சிவப்பு மையில்.

3

அலுவலகத்துக்குத் தபாலில் வந்த அந்தப் பெட்டிக்குள் அந்தத் தொப்பி இருந்தது. கூடவே கத்தரித்த பதிலும் ஒரு துண்டுச் சீட்டும்: "எனக்கு இனி வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

அவள் பழைய கடிதக் கட்டை அவிழ்த்துத் தேடினாள். கிடைத்தது. நடுவில் அவள் பேனா கோடு இழுத்திருந்த இடம்: "மருந்தால் முடியெல்லாம் கொட்டிவிட்டது. இன்னும் முளைக்கவில்லை. தலையை மறைக்கத்தான் கேட்கிறேன்."

எண்ணிப் பார்த்தேன். மேசைக்குப் போனது பதினாறு சொல். அடித்தது எட்டு. சேர்த்திருந்தாலும் நாற்பதில் இன்னும் பதினாறு மிச்சம்.

"என்னம்மா அது, பார்சலா?" ஸ்டைல் அக்கா பின்னால் வந்து நின்றார்.

சீட்டு நோட்டுக்கு அடியில் போனது. "ஒரு வாசகி அனுப்பியிருக்காங்க அக்கா."

"எனக்கா? பரவாயில்லையே." அவர் தொப்பியைப் போட்டு, ஜன்னல் கண்ணாடியில் பார்த்து, காதோரம் இரண்டு கற்றையை இழுத்துவிட்டுக்கொண்டார். "இப்ப சொல்லு, சட்டி மாதிரியா இருக்கு?"

ஆசிரியர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அப்படியே நில்லுங்க. அடுத்த மாச அட்டை இதுதான். 'பழசு திரும்புது'ன்னு போட்டுருவோம்." பிறகு அவளைப் பார்த்தார். "நீ ஏம்மா இப்படி முழிக்கிற? உன் தொப்பியையா பிடுங்கிட்டாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை, வாயையும் திறக்கவில்லை.

4

முடிவு அ: "சார், அந்தத் தொப்பி" என்று அவள் தொடங்குகிறாள். ஆசிரியர் தலை குனிகிறார். அட்டைப்படம் நிறுத்தப்படுகிறது.

(இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

முடிவு ஆ: அட்டை வெளியாகிறது. ஒரு பெண் கடை வாசலில் நின்று, தன் அம்மாவின் தொப்பியை இன்னொருத்தி தலையில், முடியோடு

(நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்ணை ஒருமுறை என் வசதிக்கு வெட்டியாயிற்று. இப்போது என் கதைக்காகக் கடை வாசலில் நிறுத்தக் கூடாது.)

முடிவு இ கிடையாது. வியாழக்கிழமை அட்டை அச்சுக்குப் போகிறது. இன்று செவ்வாய். அந்தப் பெண்ணுக்குப் பதினொரு பதில் எழுதிவிட்டேன். பதினொன்றும் "இடப் பற்றாக்குறையால்" என்று ஆரம்பிக்கின்றன. இடம் இருந்தது.

அதனால் இதை உங்களிடம் விடுகிறேன். அந்தப் பெண் கேட்டது இப்போது உங்களுக்கு முழுதாகத் தெரியும். பதிலை நீங்கள் எழுதுங்கள். நாற்பது சொல் கணக்கு இல்லை. நோய் வரலாம், மூக்கைச் சிந்தலாம். ஒரு சொல்லையும் அடிக்க மாட்டேன்.

(என்று அவள் சொல்கிறாள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.)