ஏரி வீட்டுப் பத்திரம்

கிருபாராணி ஆன்ட்டி ஆறு நாளாகத் தரையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. வலது கண்ணில் விழித்திரை கிழிந்து, ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை ஏற்றிவிட்டிருந்தார்கள். குமிழி மேலே மிதந்துபோய்க் கிழிந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். அதற்காக இரண்டு வாரம் முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும். சாப்பிடும்போதும், தூங்கும்போதும், காரில் போகும்போதும். குமிழி கரைகிற வரை, எப்படியும் இரண்டு மாதம், விமானம் ஏறக் கூடாது. ஏறினால் உயரத்தில் குமிழி உப்பும், கண் போய்விடும். டாக்டர் இதை மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் நான் பக்கத்தில் நின்றேன்.

பாஸ்போர்ட்டில் குத்தியிருந்த வெள்ளை அட்டையோ அக்டோபர் மூன்றாம் தேதிக்குள் அமெரிக்காவைவிட்டுப் போகச் சொன்னது. அது 1987. நாங்கள் நுவார்க் இமிக்ரேஷன் ஆபீஸுக்குப் புறப்பட்ட புதன்கிழமை, செப்டம்பர் முப்பது.

சாந்தகுமார் அங்கிளும் ஆன்ட்டியும் சிங்கப்பூர் குடிமக்கள். பூர்வீகம் தூத்துக்குடி. அங்கிளின் அப்பாவுக்கு அங்கே உப்பளம் இருந்தது. அந்த அளத்தில் உப்பு வாரியவர்களில் என் அப்பாவும் ஒருவர். பார்சிப்பனிக்குப் பக்கத்தில், ஒரு ஏரிக்கரையில், அங்கிள் நாலு வருஷத்துக்கு முன் மரத்தாலான ஒரு சின்ன வீடு வாங்கினார், கோடைக்கு வந்து தங்க. மற்ற மாதங்களில் வீட்டுக்குக் காவல் நான். பார்சிப்பனியில் ஒரு கம்பெனியில் ப்ரோக்ராமர் வேலை, அந்த வீட்டு பேஸ்மென்டில் ஓர் அறை. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. அதனால் தெரிந்தவர்கள் வீட்டு அப்ளிகேஷன் பாரம் எல்லாம் என் கைக்கு வரும். நன்றி மட்டும் வழியில் எங்கேயோ நின்றுவிடும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிச்சன் மேஜையில் விசா எக்ஸ்டென்ஷன் பாரத்தை விரித்து வைத்தேன். எதிரே ஆன்ட்டி, மேஜை விளிம்பில் மடித்த துண்டின் மேல் நெற்றியை வைத்துக் கவிழ்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஏரி. அவருக்குத் தெரிந்ததெல்லாம் லினோலியத்தின் பச்சைக் கட்டம்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு அங்கிள். கண் ஆபரேஷன், ஃப்ளைட் ஏறக்கூடாதுன்னு எழுதிடறேன்."

"அதெல்லாம் எழுதாத."

"பின்ன என்னத்த எழுத?"

"ஹவுஸ் ஓனர்னு எழுது. சொந்த வீட்டுல இன்னும் மூணு மாசம் இருக்கப் போறோம், அவ்வளவுதான். பத்திரத்த ஜெராக்ஸ் எடுத்துட்டேன். வீட்டு முன்னால நின்ன போட்டோவும் இருக்கு."

"ஆபீஸ்ல கேக்கறது காரணம் அங்கிள், சொத்து இல்ல."

"ஏட்டி, எனக்கே பாடமா? நோயாளின்னு ஒருவாட்டி ஃபைல்ல ஏறுச்சுன்னா, வைத்தியத்துக்கு வந்து ஒட்டிக்கிட்ட பய கூட்டம்னு நெனப்பான். நான் என்ன தர்ம ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கவனா? டாக்ஸ் கட்டுத வீட்டுக்காரன்."

ஊரில் பத்திரத்தைக் காட்டினால் பாங்கிலிருந்து போலீஸ் ஸ்டேஷன் வரை நாற்காலி போடுவார்கள். அவர் அந்த நாற்காலியிலேயே வளர்ந்தவர். என் அப்பா வாசலோடு நின்றவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவர் சொன்னதைத்தான் எழுதினேன். பாரத்தின் அடியில் 'தயாரித்தவர்' என்ற கோட்டில் என் பெயரைப் போட வேண்டியிருந்தது. என் க்ரீன் கார்டு மனுவும் அதே ஆபீஸில்தான் கிடந்தது. கையெழுத்தைப் போட்டேன்.

"டாக்டர் லெட்டராவது வாங்கி வெச்சுக்கலாம்," என்றேன்.

"வாய மூடிட்டு ஸ்டேப்பிள் பண்ணு."

துண்டுக்குள்ளிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது. "அந்தப் புள்ளய ஏன் வையுதிய? டீத் தண்ணி ஆறிரும், குடிங்க." அவருடைய டம்ளரில் ஸ்ட்ரா போட்டுக் கீழே நீட்டினேன். உறிஞ்சிக் குடித்தார்.

மறுநாள் ஹைவே முழுக்க எனக்கு பிரேக் பயம். சடாரென்று நிறுத்தினால் பின்சீட்டில் கவிழ்ந்திருக்கிறவர் என்ன ஆவார்? லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள். அங்கிள் மட்டும் டை கட்டிக்கொண்டு, மடியில் ஃபைலோடு, கல்யாணத்துக்குப் போகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மணி நேரம் வரிசை. நாற்காலி கிடைத்தும் ஆன்ட்டியால் சாய முடியவில்லை. முழங்கையைத் தொடையில் ஊன்றிக் குனிந்தே இருந்தார். கண்கட்டை மறைக்கப் பெரிய கறுப்புக் கண்ணாடி, அங்கிளின் ஏற்பாடு. எங்கள் நம்பர் வந்தபோது மணி பன்னிரண்டேகால்.

கவுன்டரில் ஐம்பது வயது வெள்ளைக்காரர். பாரத்தைப் படித்தார். பத்திரத்தைப் படித்தார். அதைத்தான் அதிக நேரம் படித்தார். அங்கிளுக்கு அது பிடித்திருந்தது. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பாத்தியா?

"உங்கள் மனைவியா? அம்மா, முகத்தைக் காட்டுங்கள். பாஸ்போர்ட் போட்டோவோடு பார்க்க வேண்டும்."

ஆன்ட்டி அசையவில்லை. அங்கிள் ஆங்கிலத்தில் சிரித்தபடி சொன்னார்: "மன்னிக்கணும் சார். எங்கள் வழக்கம் அது. எங்கள் பெண்கள் அந்நிய ஆண்கள் முன்னால் தலை நிமிர மாட்டார்கள்."

சிங்கப்பூரில் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த பெண்ணைப் பற்றித்தான் இதைச் சொன்னார். சொன்னதை அந்த ஆள் நம்பியும் விட்டார். எங்கள் எல்லோரையும் பற்றி ஏற்கெனவே தெரிந்ததுபோல மரியாதையாகத் தலையாட்டினார்.

பிறகு அவர் பேனாவை எடுத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "சார், இங்கே உங்களுக்கு வீடு இருக்கிறது. அதில் ஆறு மாதம் இருந்துவிட்டீர்கள். இன்னும் மூன்று மாதம் கேட்கிறீர்கள். காரணம் என்ற இடத்தில் வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். இது விடுமுறையா, குடித்தனமா?"

"சொந்த வீடு சார். ஓனர்."

"அதைத்தான் நானும் சொல்கிறேன். டூரிஸ்ட் என்றால் திரும்பிப்போக ஒரு காரணம் காட்ட வேண்டும். நீங்கள் இங்கேயே தங்குவதற்குக் காரணம் காட்டியிருக்கிறீர்கள். சனிக்கிழமைக்குள் புறப்படுங்கள்." ஸ்டாம்பை எடுத்து மையில் அழுத்தினார்.

சனிக்கிழமை. ஒரு நாள் முழுக்க ஃப்ளைட். அளத்து வெயிலில் கண் அவிந்தவர்களை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் மூன்று பேர். அவர்களுக்கு வேறு வழி இல்லாமல் போனது.

"நிறுத்துங்க," என்றேன் சத்தமாக. "வழக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவங்களுக்குப் போன வியாழக்கிழமை கண்ணில் ஆபரேஷன். தலை நிமிர்ந்தால் கண் போகும். ஃப்ளைட் ஏறினாலும் போகும்."

ஸ்டாம்ப் அந்தரத்தில் நின்றது.

"இந்தப் பெண் எங்கள் வீட்டில் குடியிருப்பவள்," என்று அங்கிள் அவசரமாகச் சொன்னார். "இவளுக்கு ஒன்றும் தெரியாது."

"தயாரித்தவர் இவர்தானே?" அதிகாரி பாரத்தைத் திருப்பி என் கையெழுத்தைத் தட்டினார். "அப்படியானால் இதை ஏன் எழுதவில்லை?"

க்ரீன் கார்டு தொலைந்தது என்றே நினைத்தேன்.

கவுன்டருக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. தெளிவான ஆங்கிலம், வகுப்பறைக் குரல். "சார், அவள் எழுதத்தான் பார்த்தாள். என் கணவர் விடவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. என் பெயர் கிருபாராணி. வலது கண். குமிழி கரைய டிசம்பர் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றுகிறேன், நீங்கள் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். நான் நிமிர மாட்டேன்."

கழற்றினார். அந்த மனிதர் எழுந்து, கவுன்டரைச் சுற்றி வெளியே வந்து, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக் கீழிருந்து ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தார். பாஸ்போர்ட்டையும் பார்த்தார். அங்கிள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூன்றரைக்குக் கவுன்டரை மூடுவேன்," என்றார் எழுந்து. "டாக்டர் லெட்டர், புது பாரம், திரும்பும் டிக்கெட். பத்திரம் ஃபைலிலேயே இருக்கட்டும். அடுத்த முறை விசா கேட்கும்போது இதைப் பற்றியும் கேட்பார்கள்."

ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும்வரை காத்து, லெட்டரை டைப் அடிக்க வைத்து, மறுபடி பார்க்கிங் தேடி நான் ஓடி வந்து சேர்ந்தபோது மணி மூன்று இருபத்தாறு. காரணம் என்ற கட்டத்தை ஆன்ட்டி சொல்லச் சொல்ல எழுதினேன். திரும்பும் டிக்கெட் அங்கிளின் ஃபைலிலேயே இருந்தது. டிசம்பர் முப்பத்தொன்று வரை என்று ஸ்டாம்ப் விழுந்தது. என் பெயரை அதிகாரி தனியாக எங்கேயாவது குறித்துக்கொண்டாரா என்று எட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

கார் ஹைவேயில் ஏறியது. பிறகு அங்கிள் கார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"ஊர்ல உங்கப்பன் எங்க முன்னால உக்காந்து பேசுனதில்ல. நாளைக்கே வேற எடம் பாத்துக்க."

வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். பின்சீட்டிலிருந்து, முழங்கால்களுக்கு நடுவிலிருந்து, ஆன்ட்டி முந்திக்கொண்டார்.

"அவ எங்கயும் போக மாட்டா. ஒரு நாளைக்கு நாலு வாட்டி கண்ணுக்கு மருந்து விடணும். ஒங்க கை நடுங்குது. நேத்து மூக்குலதான் விட்டிய."

அங்கிள் வாயைத் திறந்தார்.

"திரும்பாதிய. முன்னால பாத்து உக்காருங்க," என்றார் ஆன்ட்டி. "லீலா, மெதுவாப் போ ஏட்டி. பள்ளம் வந்தா முன்கூட்டியே சொல்லு."

பள்ளம் வந்தது. சொன்னேன்.