அழுதால் ஆடும் தொட்டில்

எங்கள் கட்டிலில் பாதி என்னுடையது. மீதிப் பாதி முழுக்க ஒயர், போர்டு, மோட்டார். இயந்திரங்களுக்குள் இருக்கும் குட்டிச் சிப்புகளுக்கு இன்னது செய் என்று எழுதிக் கொடுப்பது என் கணவரின் தொழில். எந்தக் கம்பெனியிலும் சேராமல், கேட்பவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்து தருகிறார். என் அப்பா மட்டும் இன்றுவரை அதை ஒரு வேலையாகவே மதிக்கவில்லை.

"பனியனோட உக்காந்து பண்றதெல்லாம் ஒரு வேலையா, மாப்பிள்ளை?"

கடைசியில் ரோஷம் வந்து இவர் வாக்கு கொடுத்துத் தொலைத்தார். கையில் இருக்கும் வேலை தேறாவிட்டால், அப்பா பார்த்துவைத்த கம்பெனியில் சேர்ந்துவிடுவாராம். அது வேறு ஊரில். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தால் அதிகம். பாதிக் கட்டில் போதும், ஆள் பக்கத்தில் இருந்தால் சரி.

கையில் இருந்த வேலை, ஒரு தொட்டில். குழந்தை அழுதால் அது தானாக ஆட வேண்டும், அழுகை நின்றால் நிற்க வேண்டும். அழுகை எது என்று அதற்குப் பதிவுகளை வைத்துப் பழக்க வேண்டும். எங்களுக்கோ குழந்தை இல்லை. நெட்டில் கிடைத்த அழுகைகளில் டிவி சத்தமெல்லாம் கலந்திருந்தது. "சுத்தமான சத்தம் வேணும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு இவரே அழ ஆரம்பித்தார். பசி அழுகை, தூக்க அழுகை, சும்மா அழுகை என்று ரகம் ரகமாக அழுதார். பக்கத்து வீட்டுக்காரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரை ரொம்ப அடிக்காதம்மா" என்றாள்.

ஒவ்வொரு அழுகைக்கும் தொட்டில் கச்சிதமாக ஆடியது.

தொட்டில் கேட்ட, குழந்தைச் சாமான் விற்கும் முதலாளியம்மா தன் கைக்குழந்தையோடு பார்க்க வந்தார். அப்பாவும் வேடிக்கை பார்க்க முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். குழந்தையைத் தொட்டிலில் போட்டதுதான் தாமதம், வீல் என்று அழுதது. தொட்டில் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையவே இல்லை. இவர் ஒயரை ஆட்டினார், போர்டைத் தட்டினார். குழந்தை கத்தித் தீர்த்தது.

"அய்யய்யோ..." என்று தலையில் கைவைத்து இவர் அழாத குறையாக ஓலமிட்டார்.

தொட்டில் ஆடியது. இவர் வாயை மூடினார். தொட்டில் நின்றது.

இவருடைய கட்டைக்குரலுக்குப் பழகிய தொட்டிலுக்குக் குழந்தையின் கீச்சுக்குரல் அழுகையாகவே படவில்லை. முதலாளியம்மா இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ தொட்டிலோட உங்களையும் சேர்த்து விக்கணுமா?"

"ஒரு மணி நேரம் குடுங்கம்மா. பாப்பா அழறதைப் பதிவு பண்ணி மாத்திடறேன்."

ஆனால் தொட்டில் ஆடிய ஆட்டத்தில் குழந்தைக்குக் குஷி பிறந்துவிட்டது. மைக்கை நீட்டினால் கடித்தது. கிலுகிலுப்பையைப் பிடுங்கினேன், சிரித்தது. சொல்லிக்கொடுப்போமே என்று இவர் அழுதுகாட்டினார், விக்கல் எடுக்கும்வரை சிரித்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது.

"போதும், பொட்டியைக் கட்டுங்க" என்று அப்பா எழுந்தார். வெற்றிக் களிப்பில் குழந்தையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். "என்னடா கண்ணு, தாத்தா சொல்றது சரிதானே?"

குழந்தை அந்த மீசையைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகு கிளம்பியது பாருங்கள் ஒரு அழுகை, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்பா பதறிப்போய்க் கீழே விடப் பார்த்தார்.

"மாமா, விட்டுடாதீங்க! இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க!" என்று மைக்கோடு பாய்ந்தார் இவர்.

"நான் ஒண்ணுமே பண்ணலையே!" அப்பா குழந்தையிடமே முறையிட்டார். ஆனாலும் மனுஷன் அசையாமல் நின்றார்.

பதிவானதை வைத்து இவர் மடமடவென்று மாற்றி எழுதினார். சரியாக வந்ததா என்று பார்க்க, அப்பா மறுபடி ஒருமுறை தொட்டிலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. குழந்தை வீறிட்டது, தொட்டில் ஆடியது. முதலாளியம்மா கைதட்டி, அடுத்து நடைவண்டிக்கும் இவரே செய்து தர வேண்டும் என்றார். எனக்கு உயிர் வந்தது.

அப்பா இவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அந்தக் கம்பெனிக்கு நானே போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன், மாப்பிள்ளை. என்னைப் பாத்துதான் குழந்தை அழுதுச்சுன்னு மட்டும் உங்க அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."

நல்ல செய்தி சொல்ல நான் கூப்பிட்டிருந்த அம்மா, என் கையில் இருந்த போனில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.