பத்துப் பேர் போதும்

கை தூக்கச் சொன்னார் கிட்ரி. டிராக்டர் கடை முதலாளி, பேசத் தெரிந்தவர் என்று ஜூரிக்கு அவரைத்தான் தலைவராக்கியிருந்தார்கள். குற்றவாளிதான் என்று பத்துக் கைகள் உயர்ந்தன. வெர்லீனும், சன்னலோரம் இருந்த மீன்பிடிக் கிழவரும் மட்டும் கையைத் தூக்கவில்லை.

"பத்து வந்தாச்சு. கதவத் தட்டி காவலரக் கூப்பிடுங்கப்பா, போலாம்," என்றார் கிட்ரி.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பன்னிரண்டில் பத்துப் பேர் சொன்னால் போதும், கொலைக்கேசாக இருந்தாலும். மிச்ச இரண்டு பேர் வாயைத் திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன!

"இருங்க சார்," என்றாள் வெர்லீன். "அந்த சாட்சி முதல்ல மூஞ்சியே தெரியலன்னுதானே போலீஸ்ல சொன்னான்? அப்புறம் எப்படி கொன்னது ஆர்லிஸ்தான்னு அடிச்சுச் சொல்றான்? அத மட்டுமாவது பேசுவோமே."

"நீங்க சொல்றது தப்புன்னு நான் சொல்லல, மிஸ் வெர்லீன். இனிமே அது தேவையில்ல, அவ்வளவுதான்."

அதற்குள் ஒருவன் கோட்டை மாட்டிக்கொண்டு, மீன்கடை மூடியிருப்பானா என்று விசாரித்தான். வெர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் நடத்தும் சலூனில் தலைச்சாயம் சரியில்லை என்று ஒருத்தி சண்டைக்கு வந்தால்கூட இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுத்தான் பேசுவாள். இங்கே ஒருவனின் ஆயுசே போகிறது. ஆயுள் தண்டனையில் உள்ளே போனவன் சவப்பெட்டியில்தான் திரும்புவான்.

கோர்ட்டில் தீர்ப்பை வாசித்ததும் ஆர்லிஸின் அம்மா முன்பெஞ்சில் அப்படியே மடங்கிப்போனாள். ஜூரியை ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும் என்றார் ஆர்லிஸின் வக்கீல். முதல் நாற்காலியில் வெர்லீன்.

"இது உங்க தீர்ப்புதானா?" என்று கேட்டார் நீதிபதி.

"இல்லீங்க. என்னோடது இல்ல."

அந்த அம்மா விருட்டென்று நிமிர்ந்தாள். பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டியாடி? இல்லங்கிறா! அந்தம்மா இல்லங்கிறா! எம்புள்ள வீட்டுக்கு வந்துருவான்!"

அடுத்தவர் ஆமாம் என்றார். அதற்கடுத்தவரும் ஆமாம். கிழவர் இல்லையென்று முனகினார். மறுபடி ஆமாம், ஆமாம். எதுவும் அந்த அம்மாவின் காதில் ஏறவில்லை. வெர்லீனையே பார்த்துக் கண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தாள். ஐயோ, என்னைப் பார்க்காதேம்மா என்று கத்த வேண்டும்போல இருந்தது வெர்லீனுக்கு. ஜூரி நாற்காலியிலிருந்து கத்த முடியுமா?

நீதிபதி எல்லோருக்கும் நன்றி சொன்னார். காவலர்கள் ஆர்லிஸை எழுப்பி, விலங்கு மாட்டக் கையைப் பின்னால் வளைத்தார்கள். அந்த அம்மா பெஞ்சிலிருந்த மகனின் கோட்டை எடுத்து உதறினாள். தடுப்புக் கட்டை ஓரமாக வந்து, அவன் கையை நுழைக்க வசதியாக அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.